ரந்தாவ் வழியாகப் போன பயணிகள் ரயில்: நினைவிருப்பவர்கள் உதவுங்கள்

அன்பர்களே, வணக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானிலிருந்து ரந்தாவ், சிலியாவ் வழியாகப் போர்ட்டிக்சனுக்குச் சென்ற பழைய ரயிலைப் பற்றித் தகவல் திரட்டிக்கொண்டிருக்கிறேன். சுங்கை ஊஜோங் ரயில்வே என்ற தனியார் கம்பெனி 1891இல் திறந்த பாதை இது. நீளம் 40 கிலோமீட்டர்கூட இல்லை. பின்னாளில் கூட்டு மலாய் மாநில ரயில்வே இதை வாங்கிக்கொண்டது.

கம்பெனிக் கதை ஏடுகளில் கிடைக்கிறது. ஏறிப் போனவர்களின் கதைதான் கிடைப்பதில்லை. சம்பளம் போட்ட மறுநாள் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், புளிச்சோறு கட்டிக்கொண்டு கடல் பார்க்கப் போனதாக என் பாட்டி சொல்வார். கிராணிக்கு (தோட்டத்துக் கணக்கருக்கு) தெரிந்ததா என்று கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான்.

எண்ணெய் டாங்கி வண்டிகள் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய காலம். ரந்தாவிலோ சிலியாவிலோ ஏறிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள்: டிக்கெட் என்ன விலை, தோட்டத்துப் பக்கம் எங்கெங்கே நின்றது, கடைசியாக ஏறியது எந்த ஆண்டு? ஸ்டேஷன் பின்னணியில் எடுத்த கல்யாணப் படமானாலும் சரி, அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.