புதுப்பிப்பு: ஸ்பானிஷ் கற்கத் தொடங்கியது பற்றி

ஸ்பானிஷை இலக்கணப் புத்தகத்தில் தொடங்குவதா, செயலியில் தொடங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். முதலில் காதால் பழகச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி, எனக்கு அதுதான் பலன் தந்தது.

லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபரின் இலவச ஒலிப்பாடங்களைக் கேட்கிறேன். கேள்வி வந்ததும் நிறுத்தி, பதிலை வாய்விட்டுச் சொன்ன பிறகே மேலே போவேன். வெறுமனே கேட்டுக்கொண்டு போனால் பாதிப் பயன்கூட இல்லை.

வினைச்சொற்கள் நமக்கு எளிது. 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' உள்ளே இருப்பதுபோல, அங்கேயும் விகுதியே ஆளைக் காட்டிவிடும். கஷ்டம் பெயர்ச்சொற்களில்தான், உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ஈற்றெழுத்தை மட்டும் நம்பவும் முடியாது: 'மேசா' (மேசை) பெண்பால், அதேபோல் முடியும் 'தியா' (நாள்) ஆண்பால். அதனால் பெண்பாலுக்கு முன்னால் வரும் 'லா', ஆண்பாலுக்கு முன்னால் வரும் 'எல்' இரண்டையும் விடாமல், 'லா மேசா', 'எல் தியா' என்று சேர்த்தே ஆங்கி (சொற்களை மனப்பாடம் செய்ய உதவும் செயலி) அட்டைகளில் எழுதுகிறேன். இதை முதல் நாளே செய்யுங்கள்.

இப்போது இரண்டு இறந்தகாலங்களில் நிற்கிறேன்: முடிந்த செயலுக்கு ஒன்று, வழக்கமாக நடந்துவந்ததற்கு இன்னொன்று. இதற்கு நல்ல கேட்புப் பயிற்சி தெரிந்தால் சொல்லுங்கள்.