வேன் பெட்டரிக்கு எத்தனை அம்பியர்ல சார்ஜ் ஏத்தலாம்? மலைநாட்டில் பட்டவங்க சொல்லுங்க

தியத்தலாவைக்காரன்:
பழைய ஹயஸ் ஒன்ன படுத்து எழும்புற மாதிரி மாத்தி வச்சிருக்கேன். பின்னால 100 அம்பியர்-மணி ஈய அமில பெட்டரி, புதுசு. ஓடும்போது எஞ்சின் பக்கத்துல இருந்து கரண்டை அளவா எடுத்து ஏத்த 40 அம்பியர் டிசி-டிசி சார்ஜர். நம்ம பக்கம் எல்லாம் சின்ன ஓட்டம்தானே, அதுக்குள்ள நிறையட்டும்னு சார்ஜரை 40லயே விட்டுட்டேன்.

மூணாவது மாசம், வெல்லவாயவுல இருந்து எல்ல டவுனுக்கு ஏறுறோம். முந்தின ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் ஓடி பெட்டரி காஞ்சு கிடந்துச்சு. இராவணன் அருவியைத் தாண்டினதும் அழுகின முட்டை நாத்தம். "அம்மா கட்டிக் குடுத்த முட்டை கெட்டுப்போச்சா அப்பா"ன்னு மகள் கேக்குது. ஓரங்கட்டி சீட்டைத் தூக்கினா, பெட்டரி ரெண்டு பக்கமும் உப்பி நிக்குது, கை வைக்க ஏலாத சூடு. எஞ்சினை நிப்பாட்டி, கதவெல்லாம் தொறந்து போட்டு, ரோட்டோரம் ஒரு மணித்தியாலம் உக்காந்திருந்தோம்.

பண்டாரவளையில எலக்ட்ரிக் பாஸ் ஒருத்தர் லேபலைத்தான் காட்டினார். பொடி எழுத்துல, கூடின சார்ஜ் 20 அம்பியர்னு இருக்கு. ஈய அமிலத்துக்கு அம்பியர்-மணியில பத்துல ஒரு பங்கு நல்லது, அஞ்சுல ஒரு பங்கு எல்லைன்னார். இப்ப புது பெட்டரி, 15ல வச்சிருக்கேன்.

ஹட்டன் டிரைவர்:
எனக்கு நடந்தது தலைகீழ் தம்பி. பெட்டரி நல்லா இருந்துச்சு, எஞ்சின் சுத்தும்போது கரண்ட் குடுக்கிற அல்டர்னேட்டர் போயிருச்சு. லித்தியம் 200 அம்பியர்-மணி, 100 அம்பியர் வரைக்கும் ஏத்தலாம்னு போட்டிருக்கு. பூட்டினவர் நடுவுல வெறும் ரிலே (தானா போடுற ஸ்விட்ச்) ஒன்ன வச்சு நேரா இணைச்சுட்டார். லித்தியத்துக்கு உள்தடை கம்மி, குடுக்கிறதையெல்லாம் இழுத்துக்கும். என்னோட அல்டர்னேட்டர் 70 அம்பியர். வயரைக் கவ்விப் பிடிச்சு கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரைப் போட்டா 62 காட்டுது. நல்லா ஏறுதுன்னு நான் சந்தோஷப்பட்டேன் பாருங்க!

கினிகத்தேனை ஏத்தத்துல பஸ்ஸுக்குப் பின்னால ரெண்டாம் கியர்ல ஊர்ந்துக்கிட்டே வந்தா, எஞ்சின் மெதுவா சுத்துது, அல்டர்னேட்டரோட விசிறியும் மெதுவாத்தான் சுத்தும். சூடு போக வழியில்ல. வட்டவளைக்கிட்ட வார்னிஷ் கருகின வாடை, மீட்டர் போர்டுல சிவப்பு லைட்.

இப்ப 30 அம்பியர் டிசி-டிசி. அதுலயும் வயர் சொதப்பல். முன்னால இருந்து பின்னால 5 மீட்டர், போக வர 10. 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டா கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலயே போயிடுது. 16 போட்டப்புறம் 0.3தான். ரெண்டு முனையிலயும் பெட்டரி இருக்கிறதால பியூஸும் ரெண்டு முனையிலயும் வேணும், ஒன்னு போதும்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

நுவரெலியா:
எங்க கதையில அம்பியர் பூஜ்ஜியம் அண்ணே. தை மாசம், விடியக் காலையில புல்லெல்லாம் வெள்ளை வெளேர்னு உறைபனி. வெயில் வந்தும் சோலார்ல இருந்து ஒரு அம்பியர் ஏறல. பேனல் பழுதுன்னு நினைச்சு ஏணி வச்சு ஏறித் தொடச்சேன். கடைசியில பார்த்தா லித்தியம் பெட்டரிக்குள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்கியூட், பி.எம்.எஸ்., சார்ஜ் ஏறவிடாம பூட்டிக்கிட்டிருக்கு. 0 டிகிரிக்குக் கீழ ஏத்தினா உள்ளுக்குள்ள லித்தியம் படிஞ்சு செல் நாசமாகும், அதனால முன்கூட்டியே 5 டிகிரியில நிறுத்துற மாதிரி வச்சிருக்காங்க. பெட்டரி இருந்தது வேனுக்கு வெளிய, சேசிக்கு அடியில, இரும்புப் பெட்டிக்குள்ள! ஐஸ் பெட்டி மாதிரி. இப்ப படுக்கைக்குக் கீழ கொண்டு வந்துட்டேன், காலையில தேத்தண்ணி கொதிக்கிறதுக்குள்ள திறந்துக்குது.

தியத்தலாவைக்காரன்:
ஹட்டன் அண்ணே, உங்க கிளாம்ப் மீட்டர் கதையைப் படிச்சிட்டு நானும் ஒன்னு இரவல் வாங்கி நேத்து ஹப்புத்தளையில மத்தியான வெயில்ல எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். 15ன்னு வச்ச பெட்டரிக்கு 24 போகுது! கூரை சோலாரை மறந்தே போயிட்டேன், அது தன் பாட்டுக்கு 9 தள்ளுது. ஒவ்வொரு சார்ஜரும் தனித்தனியா எல்லைக்குள்ள, கூட்டினா வெளிய. டிசி-டிசியை 10க்கு இறக்கியாச்சு. கெஸ்ட் ஹவுஸ்ல பிளக் போடுற சார்ஜர் ஒன்னும் இருக்கு, அதையும் கணக்குல சேர்க்கணும்னா ஒரு ஸ்விட்ச் வைக்கணும் போல. பாஸ்கிட்ட நாளைக்குப் போறேன், மீட்டரையும் திருப்பிக் குடுக்கணும்.