பழைய 486 கொம்பியூட்டரில் மணிக்கூட்டுச் சிப் மாற்றுவது எப்படி?

கொக்குவில்_486:
அப்பா கொழும்பில் வேலை செய்த காலத்தில் வாங்கின 486 ஒன்று வீட்டில் இருக்கிறது. போட்டால் வேலை செய்யுது, ஆனால் ஒவ்வொரு முறையும் சீமோஸ் செக்சம் எரர் (செற்றிங் நினைவகத்தில் பிழை என்ற செய்தி) காட்டி, திகதி 1980 சனவரி 1க்குப் போய்விடுகிறது, ஹாட் டிஸ்க்கையும் மறந்துவிடுகிறது. மதர்போட்டில் வட்டப் பற்றரி எங்கும் இல்லை. மணிக்கூட்டுப் படம் போட்ட கறுப்புக் கட்டி ஒன்று சொக்கெற்றில் இருக்கு, மேலே டலஸ் டிஎஸ்12887 என்று எழுதியிருக்கு. இதையா மாற்ற வேண்டும்? அப்பாவுடைய கடிதங்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான், அது அழியக் கூடாது.

பழசுவிரும்பி:
ஓம் தம்பி, அதேதான். பற்றரியும், மணிக்கூட்டுக்குத் துடிப்புக் கொடுக்கிற 32.768 கிலோஹேர்ட்ஸ் கிறிஸ்டலும் அந்தக் கட்டிக்குள்ளேயே எபொக்சி ஊற்றி அடைத்திருக்கு. பத்து வருசம் தாங்கும் என்றுதான் செய்தவை, அது முடிந்து எவ்வளவோ காலம். கடிதங்களுக்குப் பயப்படாதே, அவை டிஸ்க்கில் இருக்கு, சிப்பில் இருப்பது டிஸ்க்கின் அளவுகள் மட்டும்தான். ஆனால் சிப்பில் கை வைக்க முதல், இப்போது பயோஸில் (மெசின் தொடங்கும்போது வரும் செற்றிங் திரையில்) என்ன சிலிண்டர், ஹெட், செக்டர் கொடுத்து டிஸ்க்கைத் திறக்கிறாயோ அதை அப்படியே கொப்பியில் எழுதி வை, டிஸ்க்கை வாசிக்கும் முறை எல்பிஏ, லார்ஜ், நோர்மல் இதில் எது என்பதையும் சேர்த்து. அது மாறினால் டிஸ்க் நன்றாக இருந்தும் வாசிக்காது.

கழற்றும்போது பிளக்கையும் பிடுங்கிவிடு. தட்டையான சின்ன ஸ்குறூ டிறைவரைச் சிப்புக்கும் சொக்கெற்றுக்கும் இடையில் விட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கிளப்பு. ஒரே பக்கமாக நெம்பினால் சிப்பின் கால் (பின்) வளையும். சொக்கெற்றுக்குக் கீழே விட்டுவிடாதே, போட்டின் செப்புக் கோடு அறுந்துபோகும். 2, 3, 16, 20 உட்படச் சில கால்கள் அதில் இருக்காது, உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், செய்ததே அப்படித்தான்.

ஈயப்பற்று:
இணையத்தில் மலிவாக விற்கிறதை யோசித்து வாங்குங்கோ, கழற்றின பழசைத் துடைத்துப் புது எழுத்து அடித்து விற்கிறார்கள், வந்து சேரும்போதே பற்றரி செத்திருக்கும். சோல்டர் பிடிக்கத் தெரிந்தால் பழசையே திருத்தலாம். 16ஆம், 20ஆம் கால்கள் ஒரே பக்கம்தான், அந்த இடத்தில் எபொக்சியை மெல்லச் சுரண்டி, உள்பற்றரிக்குப் போகும் தொடுப்பை அறுத்துவிட்டு, சிஆர்2032 வட்டப் பற்றரி ஹோல்டரின் பிளஸ்ஸை 20க்கும் மைனஸை 16க்கும் ஒட்டுங்கோ. உள்ளே இருக்கிறது லிதியம், ஆழமாக வெட்டவே கூடாது. தூசியும் மூக்குக்குள் போகக் கூடாது, மாஸ்க் போடுங்கோ.

கொக்குவில்_486:
நன்றி அண்ணை. எனக்கு சோல்டரிங் பழக்கமில்லை, புதுசே வாங்குகிறேன். 12887ஏ என்று இருப்பதைப் போடலாமா?

பழசுவிரும்பி:
பெரும்பாலும் சரிவரும். ஆனால் ஏ வகையில் 21ஆம் கால் நினைவகத்தை அழிக்கிற கால், உன் போட்டில் அது கிரவுண்டோடு சேர்ந்திருந்தால் ஒரு செற்றிங்கும் நிற்காது. மீட்டரால் பார்த்துவிட்டு வாங்கு. ஏ இல்லாதது கிடைத்தால் அந்தச் சோலியே இல்லை. முதலாம் கால் பக்கத்தைச் சொக்கெற் அடையாளத்தோடு வடிவாகப் பார்த்துப் போடு, பிறகு திகதியைக் கொடுத்து, கொப்பியில் எழுதினதை ஏற்றி, ஒரு இரவு பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் போட்டுப் பார்.