புதுப்பிப்பு: வேன் ஸ்டார்ட்டிங் பிரச்சினை, காரணம் கிடைத்தது

சில நாள் காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது, சில நாள் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிப்பதில்லை என்று எங்கள் டீசல் வேனைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். பேட்டரி, க்ளோ பிளக் (குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கிப் பிடிக்க வைப்பது) இரண்டையும் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தோம், இரண்டும் சரி.

வேனின் முன்பக்கம் மேடாக நின்ற இரவுகளுக்கு மறுநாள்தான் தகராறு. அதை வைத்து மெக்கானிக் அண்ணன் டீசல் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே, உள்ளே ஓடும் டீசல் கண்ணுக்குத் தெரிகிற ஹோஸ் ஒன்றை மாட்டினார். செல்ஃப் அடித்ததும் குமிழிகள் வரிசையாக ஓடின! வெளியே ஒரு சொட்டு டீசல் இல்லை. டேங்கிலிருந்து பம்பு டீசலை உறிஞ்சும் பக்கம் ஓட்டை என்றால் அப்படித்தான், காற்று உள்ளே போகும். இரவில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காமன் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அதிக பிரஷரில் வைத்திருக்கும் குழாய்) போதிய பிரஷர் ஏறாமல் இன்ஜின் பிடிக்காது.

ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகில் இருந்த ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) தட்டையாகி, நகம் பட்டாலே பொடிந்தது. அதை மாற்றி, டீசலைக் கையால் அழுத்தி ஏற்றும் கைப்பம்பு கெட்டியாகும் வரை அடித்துக் காற்றை எடுத்தோம். இப்போது மேட்டில் நிறுத்தினாலும் சட்டென்று பிடிக்கிறது.

இதே தொல்லை இருப்பவர்கள் காலையில் செல்ஃப் அடிக்கும் முன் கைப்பம்பை அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் முதலில் ஃபில்டர் பக்கம் போங்கள்.