நாளை கிரகப்பிரவேசம் – ஷ்ரூஸ்பரி வீடு

வித்யா: வாசல் நிலையில் ரெண்டு பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றும் என் கையை விடப் பெரிது! சிவப்பு உடம்பு, வெள்ளை வரி. தோரணம் எங்கே கட்டுவது?

பாலாஜி: ஸ்ப்ரே அடி

மீனா அத்தை: அடிக்காதேடா. ஜோடியாக வந்திருக்கிறது, நல்ல சகுனம்

பாலாஜி: என் கல்யாணத்தில் பல்லி விழுந்ததும் நல்ல சகுனம்தான்

கணேசன் சித்தப்பா: செக்ரோப்பியா அது. வட அமெரிக்காவிலேயே பெரிய அந்துப்பூச்சி, இறக்கை விரித்தால் ஆறு அங்குலம். மீசை இறகு போல அகலமாக இருப்பது ஆண். விடியற்காலையில் சேர்ந்தால் சாயங்காலம் வரை பிரியாது. இருட்டியதும் பெண் முட்டையிடக் கிளம்பிவிடும். அதுவரை தொடாதே. சாப்பாடும் வேண்டாம், அதற்கு வாயே வேலை செய்யாது.

மீனா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வித்யா: அத்தை!! சம்பந்தி மாமியும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறார்

ராஜம் பாட்டி: பட்டுப்பூச்சி ஜாதியா கணேசா?

கணேசன் சித்தப்பா: ஆமாம்மா. அந்தப் பட்டு ஆசைதான் வினை. 1860களில் இதே மாசசூசெட்ஸில், மெட்ஃபோர்டில், ட்ரூவலோ என்ற பிரெஞ்சுக்காரர் இதன் பங்காளி பாலிஃபீமஸைத் தோட்டத்தில் வலை போட்டு வளர்த்தார். அது போதாதென்று ஐரோப்பாவிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்தார். அது தப்பித்துப் போய்க் காடு காடாக மொட்டையடித்தது.

பாலாஜி: கேட்டரிங் 40 பேரா 60 பேரா?

கணேசன் சித்தப்பா: இரு, முடிக்கவில்லை. அதை ஒழிக்க 1906இல் ஒரு ஈயை இறக்கினார்கள். புழுவைத் துளைத்து உள்ளேயே குஞ்சு விடும் ஈ. அது செக்ரோப்பியாவையும் விடவில்லை. 2000இல் வந்த ஆய்வில், இங்கே மரத்தில் விட்ட 500 செக்ரோப்பியா புழுவில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஸ்ப்ரே வேறு அடிக்க வேண்டுமா?

ராஜம் பாட்டி: அப்போ புடவைக்கு ஆகாது

மீனா அத்தை: வித்யா கல்யாணப் புடவையே இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது, யாரும் கேட்கவில்லை

வித்யா: அதை இப்போது எடுக்காதீர்கள் அத்தை. தோரணம் ராத்திரி கட்டிக்கொள்ளலாமா?

பாலாஜி: 7.30க்கு முகூர்த்தம். ராத்திரி ஏணி யார் பிடிப்பது? 60 சொல்லவா?

சுந்தர் மாமா: 50 சொல். வடை கூடுதலாக

அப்பா: பூச்சி மருந்து ஆள் 4 மணிக்கு வருகிறார்

வித்யா: யார் வரச் சொன்னது?

கணேசன் சித்தப்பா: அண்ணா, மேலே நான் எழுதியதைப் படித்தீர்களா?

அப்பா: நீளமாக இருந்தது. வடை யார் பொறுப்பு?