அக்யுரஸி, பிரிசிஷன்: இரண்டுக்கும் ‘துல்லியம்’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

எலக்ட்ரானிக் தராசு ஒன்றின் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலாம் பக்கத்திலேயே வண்டி நின்றுவிட்டது. அக்யுரஸி, பிரிசிஷன் இரண்டும் ஒரே வரியில் வருகின்றன. நான் முதலில் எழுதியது: “தராசின் துல்லியத்தையும் துல்லியத்தையும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.” அதைப் படித்துவிட்டு வீட்டில் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

வேறுபாடு எனக்கே பிடிபட்டது காசிமேட்டில்தான். மீன் விற்கும் அக்கா ஒருவர் இரண்டு தராசு வைத்திருக்கிறார். போன ஞாயிறு, ஏலக் கூட்டம் கலைந்த பிறகு, முத்திரை போட்ட ஒரு கிலோ இரும்புக் கல்லை இரண்டிலும் ஐந்தைந்து முறை வைத்துப் பார்த்தேன். முதல் தராசு: 1.040, 1.040, 1.045, 1.040, 1.040. இரண்டாவது: 0.985, 1.020, 0.990, 1.010, 0.995. இரண்டாவதன் சராசரி சரியாக ஒரு கிலோ. ஆனால் அக்கா நம்புவது முதல் தராசைத்தான். “இது எப்பவும் நாப்பது கிராம் கூடக் காட்டும், நான் கழிச்சுக்குவேன். அது ஒரு நேரம் ஒரு மாதிரி காட்டுது, அத வச்சு என்ன பண்றது?” என்றார்.

அளவியல் பாடம் மொத்தமும் அந்த இரண்டு வரியில் இருக்கிறது. முதல் தராசில் பிரிசிஷன் உண்டு, அதாவது ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டுகிறது, விடை மட்டும் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கிறது. தள்ளி நிற்பதைக் கழித்துக்கொள்ளலாம். சிதறுவதை அப்படிக் கழிக்க முடியாது, பல முறை நிறுத்துச் சராசரி எடுத்தால்தான் உண்டு. வஞ்சிரம் வாங்க வந்தவர் ஐந்து முறை நிறுக்கும் வரை நிற்பாரா?

வண்ணாரப்பேட்டைத் தெருவில் கேரம் ஆடியவர்களுக்கும் இது தெரியும். நான் அடிக்கும் காய் ஒவ்வொரு முறையும் பாக்கெட்டுக்கு ஒரு விரல்கடை இடப்புறமே போகும். “கரெக்டா அதே எடத்துல அடிக்கிற மச்சான், பாக்கெட்தான் அங்க இல்ல” என்று என்னை ஓட்டியிருக்கிறார்கள்.

ஆங்கிலத்திலும் பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகத்தான் புழங்குகிறார்கள். வேர் மட்டும் வேறு: அக்யுரேட் என்பது லத்தீனில் கவனத்தோடு செய்தது, பிரிசைஸ் என்பது நறுக்கென்று வெட்டியது. நம்முடைய ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’ மாதிரி. 1994-இல் வந்த ஐஎஸ்ஓ 5725 என்ற சர்வதேசத் தரம் இதைச் சீராக்கியது. சராசரி உண்மை மதிப்புக்கு எவ்வளவு பக்கம் என்பது ட்ரூனஸ். அளவுகள் தமக்குள் எவ்வளவு நெருக்கம் என்பது பிரிசிஷன். இரண்டும் சேர்ந்ததுதான் அக்யுரஸி. ஆக நமக்கு வேண்டியது மூன்று சொல்.

பிரிசிஷனுக்கு நம் குழுவில் முன்பு யோசனையாக வந்த ‘நுட்பம்’ எனக்கு ஒட்டவில்லை. தொழில்நுட்பம், நுட்பவியல் என்று அது ஏற்கெனவே பல வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது. ‘திட்பம்’ அதற்கு இரட்டைப் பிள்ளை. எது எது என்று யாருக்கும் நினைவில் நிற்காது.

என் யோசனை: அக்யுரஸிக்குத் துல்லியமே இருக்கட்டும். ட்ரூனஸுக்குக் ‘கோடாமை’. ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்’ என்று தொடங்கும் 118-ஆம் குறளில், தராசு ஒரு பக்கம் சாயாமல் நிற்பதை வைத்துத்தான் வள்ளுவர் இந்தச் சொல்லை ஆள்கிறார். இதைவிடப் பொருத்தமாக எங்கே கிடைக்கும்? பிரிசிஷனுக்குப் ‘பிசிறின்மை’. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

– ராயபுரத்திலிருந்து

*

தம்பிக்கு,

கோடாமை அருமை. பிசிறின்மை வேண்டவே வேண்டாம். முப்பது வருஷம் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையின் மெஷின் ஷாப்பில் நின்றவன் சொல்கிறேன். எங்களுக்குப் பிசிறு என்றால் துளை போட்ட பிறகு இரும்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது. “பிசிறு இருக்குப்பா” என்றால் பையன் அரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பிப்பான். உங்கள் கையேட்டைப் படித்துவிட்டுத் தராசையும் தேய்ப்பான்.

இன்னொன்று. திரையில் மூன்று தசமம் காட்டினால் பிரிசிஷன் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு கதை. வெர்னியர் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் வரை படிக்கலாம் என்பது மீச்சிற்றளவு, அதாவது கருவியில் படிக்க முடிகிற மிகச் சிறிய அளவு. படிக்கிறவன் கை நடுங்கினால் அதனால் என்ன லாபம்? கையேட்டில் இதைப் பிரித்துச் சொல்லுங்கள்.

– பெரம்பூர்

*

ஐயா,

அரம் எடுக்கிற பையனை நான் யோசிக்கவேயில்லை. பிசிறைத் தூக்கிவிட்டேன். ‘சிதறாமை’ எப்படி? புள்ளியியலில் சிதறல் என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது, கோடாமைக்குப் பக்கத்தில் ஜோடியாகவும் நிற்கிறது. வினையாக்கவும் வருகிறது: “இந்தத் தராசு சிதறுவதில்லை, ஆனால் 40 கிராம் கோடுகிறது.”

*

தம்பி,

சிதறாமை சரி. ‘கோடுகிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள், கோடு போடுகிறது என்று படிப்பார்கள். பெயர்ச்சொல்லுக்குக் கோடாமை இருக்கட்டும். வாக்கியத்தில் ‘40 கிராம் கூடுதலாகக் காட்டுகிறது’ என்றே எழுதுங்கள், அந்த அக்கா சொன்ன மாதிரி.