பூட்டு திறக்கும் அந்த ஒரு வாரம்: டிஷ்ஷில் வந்த இலவச முன்னோட்டங்கள், உங்கள் அனுபவம் என்ன?

நான் வேலைக்காக ஒஹாயோ மாநிலம் கொலம்பஸுக்கு வந்த புதிதில் வீட்டில் டைரக்டிவி டிஷ் வைத்திருந்தோம். அதில் 700-ஐத் தாண்டிய எண்களில்தான் கட்டண விளையாட்டுத் தொகுப்புகள் இருக்கும். எப்போது போனாலும் திரையில் 721 என்று ஓர் எண் நிற்கும், இந்தச் சேனலுக்கு நீங்கள் பணம் கட்டவில்லை என்று பொருள். ஒரு ஏப்ரல் மாதம், இரவு 10 மணிக்கு மேல், தூக்கம் வராமல் ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனேன், 721 வர வேண்டிய இடத்தில் பச்சைப் புல்தரை தெரிந்தது. பேஸ்பால் பருவம் தொடங்கும் வாரம். 'எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ்' தொகுப்பை எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தார்கள்.

அப்போது எனக்கு பேஸ்பால் சுத்தமாகத் தெரியாது. ஆனால் அந்தச் சேனலில் ஒரு பெரியவர் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். மற்ற சேனல்களில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் பேசுவார்கள், இவர் ஒருவர்தான். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் பேட்டரின் ஊர், அவன் அப்பா செய்த தொழில் என்று ஏதாவது சொல்வார், கேலரியில் தூங்கும் குழந்தையை கேமரா காட்டினால் அதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஹோம் ரன் அடித்தால் அதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார், கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்கும். நான் வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவன். ஆட்டம் புரியாமலே ஒருவரின் குரலுக்காக உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமான விஷயம், அதை இந்த ஊரில் திரும்பப் பெறுவேன் என்று நினைக்கவில்லை. அவர் வின் ஸ்கல்லி, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் வர்ணனையாளர், 1950-இல் அந்த அணி நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்தபோதே சேர்ந்தவர் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது.

அந்த வாரம் முழுக்க இரவு ஒரு மணிவரை பார்த்தேன். கலிஃபோர்னியாவில் மாலை ஏழு மணி ஆட்டம் என்றால் எங்களுக்கு இரவு பத்து. காலையில் வேலைக்குப் போகக் கஷ்டம்தான், ஆனாலும் விடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்னோட்டத்துக்கு யாரும் வீட்டுக்கு வந்து எதையும் மாற்றுவதில்லை. எல்லாச் சேனல்களின் சிக்னலும் நாள் முழுக்க நம் டிஷ்ஷில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும். பூட்டிய நிலையில் வருகிறது, அவ்வளவுதான். செட்டாப் பாக்ஸில் செருகியிருக்கும் கார்டுக்கு எதைத் திறக்கலாம் என்ற அனுமதியைச் செயற்கைக்கோள் வழியாகவே அனுப்புகிறார்கள், முன்னோட்டம் முடிந்ததும் அதே வழியில் ரத்து செய்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, நான் பார்க்காத எத்தனை இரவுகள் அந்தக் குரல் என் வீட்டுக் கூரைவரை வந்து நின்றிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த வருடம் பணம் கட்டி வாங்கினேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது கிடைத்திருந்தால் எழுதுங்கள். காசு மிச்சமானது பற்றி மட்டும் வேண்டாம், என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.

*

டல்லாஸிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு 'சண்டே டிக்கெட்', அதாவது அமெரிக்கன் ஃபுட்பாலின் ஞாயிறு ஆட்டங்களுக்கான கட்டணத் தொகுப்பு. 1994-இலிருந்து 2022 பருவம் வரைக்கும் அது டைரக்டிவியில்தான் இருந்தது, 2023-இல் யூடியூபுக்குப் போய்விட்டது. சில வருடங்கள் பருவத்தின் முதல் ஞாயிறன்று எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள். அப்படி ஒரு ஞாயிறு மதுரையிலிருந்து அப்பா வந்திருந்தார். ஒரே திரையில் எட்டு ஆட்டங்களைச் சின்னச் சின்னக் கட்டமாகக் காட்டும் ஒரு சேனல் உண்டு, அதை வைத்துவிட்டு நான் சமையலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அப்பா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "இது நம்ம சடுகுடுதாம்மா, கோட்டைத் தாண்டணும், தாண்ட விடாம பிடிச்சு அமுக்கணும்" என்றார். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் போக வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தராமலே, திரையில் வரும் மஞ்சள் கோட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து, "இவன் நல்லா ஓடுறான், இவனைப் பெருசா வை" என்பார். அந்த ஆறு மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பேசிய நாட்களில் அது ஒன்று. மறுவாரம் அதே எண்ணை அவரே அழுத்திப் பார்த்தார், திறக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பருவத்துக்கு மட்டும் வாங்கிவிட்டேன்.

*

ஐயோவா, டி மோயின். முன்னோட்டம் என்றாலும், உள்ளூர் அணிகளின் ஆட்டங்களைத் தொகுப்பில் காட்டாமல் மறைக்கும் பிளாக்அவுட் விதி அப்படியேதான் இருக்கும், புதியவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் மாநிலத்தில் ஒரு பெரிய பேஸ்பால் அணிகூடக் கிடையாது, ஆனால் கப்ஸ், ஒயிட் சாக்ஸ், கார்டினல்ஸ், புரூவர்ஸ், ட்வின்ஸ், ராயல்ஸ் ஆறுக்கும் நாங்கள் 'உள்ளூர்'. அந்த வாரத்தில் இந்த ஆறு அணிகளின் ஆட்டங்களையும் தொகுப்புச் சேனலில் பார்க்க முடியாது. என் மகனுக்குப் பிடித்தது கப்ஸ். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது? தூரத்துச் சியாட்டில் ஆட்டத்தை இருவரும் பார்த்தோம். இன்றைக்கு அவன் சியாட்டில் மரினர்ஸ் ரசிகன்.

*

ஒரு எச்சரிக்கை. எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. முன்னோட்டம் தானாக முடிந்துவிடும், அதில் பயமில்லை. ஆனால் புதிய ஒப்பந்தத்தோடு 'முதல் பருவம் இலவசம்' என்று தருவது வேறு. அது அடுத்த வருடம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். நான் இரண்டையும் ஒன்றென்று நினைத்து இருந்துவிட்டேன், ஆகஸ்ட் பில்லில் மொத்தத் தொகையின் முதல் தவணை வந்து நின்றது. பருவம் தொடங்கிவிட்டதால் ரத்து செய்ய முடியாது என்றார்கள். அந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்பக் கையில் இல்லாமல் போனது இன்னும் வலிக்கிறது. பருவம் தொடங்கும் முன்பே கூப்பிட்டு நிறுத்துங்கள், பேசியவர் தரும் உறுதி எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள்.

*

கொலம்பஸ்காரரே, அந்த வாரத்து ஆட்டங்களைப் பதிவு செய்து வைத்தீர்களா? முன்னோட்டம் முடிந்த பிறகும் ஓடியதா?

*

ஓடியது. இரண்டு ஆட்டங்களைப் பெட்டியில் பதிந்திருந்தேன், வருடக்கணக்கில் வைத்திருந்தேன். ஸ்கல்லி 67 பருவங்கள் முடித்து 2016-இல் ஓய்வு பெற்ற அன்று இரவு அதில் ஒன்றை முழுதாகப் போட்டுப் பார்த்தோம், மனைவியும் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் வீடு மாறும்போது பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது, பதிவுகள் அதோடு போய்விட்டன. 2022 ஆகஸ்டில் அவர் இறந்த செய்தி வந்தபோது முதலில் தேடியது அந்தப் பதிவைத்தான்.